வணிகர் மண்டபமும் செட்டியார் கிட்டங்கியும்

இன்றைய பேச்சுக்குக் காரணம் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி. இங்கிலாந்தில் யார்க் என்ற நகரத்தில் உள்ள பழைய வணிகர் மண்டபத்தின் படத்தை நாங்கள் வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தோம். 1357ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மண்டபம் அது. மேல்தளத்தில் பெரிய மரக்கூடம் ஒன்று உண்டு. வணிகர்கள் கூடிக் கணக்குப் பார்த்ததும், விருந்துண்டதும், வழக்குத் தீர்த்ததும் அங்கேதான். கீழ்த்தளத்தில் ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் வழிபாட்டுக்கூடம் இருந்தது. ஏழைகள் தங்கிய அந்தக் கீழ்த்தளம் 1900ஆம் ஆண்டு வரை நடந்தது. இன்று அதே கட்டடத்தைப் பயணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள்; திருமண விருந்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் எழுந்து, "நம்ம ஆளுங்க வியாபாரம் செய்யலையா சார்? அவங்களுக்கு இந்த மாதிரி ஒரு மண்டபம் இல்லையா?" என்று கேட்டாள். மரம் சீவுவதும் பால் எடுப்பதும்தான் நம்மவர் செய்த வேலை என்று எண்ணி வளரும் பிள்ளைகள் இவர்கள். கேள்வி நியாயமானது. உடனே விடை சொல்ல நமக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த வாரம் சொல்கிறோம் என்று தவணை வாங்கிக்கொண்டோம்.

வணிகம் செய்தார்களா என்பதில் ஐயமே இல்லை. இடைக்காலத் தமிழகத்தில் வணிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து இயங்கினார்கள். அவற்றுள் பெரியது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற குழு. கருநாடகத்தில் உள்ள ஐகொளெ என்னும் ஊரைத் தங்கள் பிறப்பிடமாக இவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வேளாபுரம், அறுபத்து நான்கு கடிகைத்தாவளம் ஆகியவை தங்களுக்கு உரியவை என்று கல்வெட்டுகளில் பெருமையாகப் பொறித்தார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால் எண்ணிச் சொன்னதாகத் தோன்றவில்லை. புகழ்ச்சிக்குச் சொன்ன எண்ணாகவே இருக்கும். ஆனால் இவர்கள் சென்ற தூரம் மிகையன்று. மணிக்கிராமம் என்ற இன்னொரு குழுவும் இருந்தது. வணிகப் பொருளைக் காக்கத் தனிப் படைவீரர்களும் உண்டு. அவர்கள் காத்த சந்தை ஊர்களுக்கு எறிவீரபட்டணம் என்று பெயர்.

நம் நாட்டுக்கு வெகு அருகிலேயே இவர்கள் விட்டுச் சென்ற கற்கள் இருக்கின்றன. தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னும் இடத்தில் 1902இல் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. அங்கே வெட்டிய ஒரு குளத்தின் பெயர் அவனிநாரணம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் அது. அந்தக் குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டிருக்கிறார்கள். கடல் கடந்து போன வணிகர்கள் முதலில் தண்ணீருக்கு வழி செய்துகொண்டார்கள் என்பது இதனால் தெரிகிறது.

இதைவிடச் சுவையான கல் சுமாத்திராவில் உள்ளது. அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம். அதை அடுத்த லோபு துவா என்னும் இடத்தில் 1873இல் அந்தக் கல் கண்டெடுக்கப்பட்டது. பாருஸ் என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று நினைவு வர வேண்டிய சொல் ஒன்று உண்டு. மலாய் மொழியில் கற்பூரத்துக்குக் 'காப்பூர் பாருஸ்' என்று பெயர். துணி அலமாரியில் போடும் வெள்ளை உருண்டையைக்கூடக் கடைகளில் அந்தப் பெயர் சொல்லித்தான் வாங்குகிறோம். அந்தப் பாருஸ்தான் இது. கல்லில் உள்ள சக ஆண்டு 1010; அதாவது கி.பி. 1088. முதலாம் குலோத்துங்கன் சோழநாட்டை ஆண்ட காலம். இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தின்மேல் வந்து 63 ஆண்டுகள் கழிந்திருந்தன. படையெடுப்பைப் பற்றி நாம் மூச்சுவிடாமல் பேசுகிறோம். அதற்குப் பின் அறுபது ஆண்டுகள் கழித்தும் கணக்குப்புத்தகத்தோடு வந்துபோய்க்கொண்டிருந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் இக்கல்வெட்டைப் பற்றி விரிவாக எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு அதை மேலும் திருத்தமாகப் படித்தார்.

அந்தக் கல் சொல்வது இது. ஐந்நூற்றுவர் வேளாபுரத்தில் கூடியிருந்து ஒரு முடிவு செய்தார்கள். துறைக்கு வரும் மரக்கலத்தின் நாயகரும் மற்றவர்களும் கஸ்தூரியின் விலையை அளவாக வைத்துப் பொன்னாக ஓர் ஆயம் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகுதான் பாவாடை ஏறலாம். வகுப்பில் இந்த இடம் வந்ததும் பையன்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டியதில்லை. பாவாடை என்றால் நடப்பதற்கும் அமர்வதற்கும் தரையில் விரிக்கும் துணி. கோயில் விழாக்களில் நடைபாவாடை விரிப்பதை நாம் இன்றும் பார்க்கிறோம். வரி கட்டியவன்தான் அந்த விரிப்பில் கால் வைத்துக் கூட்டத்தாரோடு சரிசமமாக வணிகம் பேசலாம் என்பது இதற்கு அறிஞர்கள் கொள்ளும் பொருள்.

மாணவி கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. கடல் கடந்த ஊரில் நம்மவரின் மண்டபம் முதலில் ஒரு துணிவிரிப்பாக இருந்திருக்கிறது. அதை விரித்த இடம் மன்றமாயிற்று, சுருட்டினால் வெறுந்தரைதான்.

தாயகத்தில் அவர்கள் கூடிய இடம் பெரும்பாலும் கோயில் மண்டபம். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஐந்நூற்றுவரும் அவர்களோடு சேர்ந்த பல ஊர் வணிகரும் கூடி, தாங்கள் வாங்கி விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வளவு என்று கோயிலுக்குப் பணம் ஒதுக்கியதை அது சொல்கிறது. இதற்குப் பட்டணப்பகுதி என்று பெயர். உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், புடைவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், குதிரை, யானை என்று பட்டியல் நீளுகிறது. ஒரு சந்தைத் தெருவையே கல்லில் இறக்கி வைத்ததுபோல் இருக்கும். இதில் அகிலும் பட்டும் கீழைக்கடல் வழியே வந்த சரக்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பர்மாவிலுள்ள பகானிலும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. நானாதேசி விண்ணகர் என்பது அங்கிருந்த திருமால் கோயிலின் பெயர். நானாதேசி என்பது பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்த குழுவினரைக் குறிக்கும். சேரநாட்டு மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் அந்தக் கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்தார். அவர் ஏன் மண்டபம் கட்டினார்? சாமிக்கு மட்டும் என்றால் கருவறைக்கு ஏதாவது செய்திருக்கலாம். அயலூரில் நம் ஆட்கள் கூடி உட்கார நிழல் வேண்டும் என்று அவர் எண்ணியிருப்பார் என்பது நம் ஊகம். கல்லில் அப்படி எழுதவில்லை.

கூடும் மண்டபம் கோயிலாக மாறியதற்குத் தமிழகத்தில் நல்ல சான்று உத்திரமேரூர். அது வணிகர் மண்டபமன்று, ஊர்ச்சபை மண்டபம். குடவோலைத் தேர்தல் விதிகளை முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் அதன் சுவரில் வெட்டினார்கள். இன்று அது வைகுண்டப் பெருமாள் கோயில். சபை கலைந்து பல நூற்றாண்டுகள் ஆனாலும், விளக்கேற்ற ஆள் இருந்ததால் சுவர் நின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூரில் இடைக்காலம் ஏது? 1857இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, ஈயம் தேடி அம்பாங் காட்டுக்கு நடந்தார்கள். அவர்கள் இறங்கிய சேற்றுத் துறைதான் கோலாலம்பூர். 1880இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே வந்தது. மறு ஆண்டே, 1881இல், சனவரியில் தீயும் டிசம்பரில் வெள்ளமும் வந்து அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் வரை இரயில் ஓடியது. இந்தச் செங்கல்லுக்கும், ஈயச் சுரங்கத்துக்கும், பின்னால் வந்த ரப்பர் கன்றுக்கும் கடன் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கி சிறு வணிகனை உள்ளே விடாது. அந்த இடைவெளியில் வந்து அமர்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

நகரத்தார் என்ற பெயரை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமணர் ஊரின் கூட்டம் சபை, வேளாளர் ஊரின் கூட்டம் ஊர், வணிகர் ஊரின் கூட்டம் நகரம். நகரத்தின் உறுப்பினர் நகரத்தார். ஆகவே அம்பாங் தெருவில் பெட்டி வைத்து அமர்ந்தவர் தம் பெயரிலேயே ஓர் இடைக்கால மன்றத்தைச் சுமந்து வந்தார். இதனால் செட்டியார்களே ஐந்நூற்றுவரின் நேர் வாரிசுகள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது அவசரம். நடுவில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் பாலம் போடப் பெயர் மட்டும் போதாது. ஆனால் முறைகள் ஒத்திருக்கின்றன. அந்த ஒற்றுமையைக் கிட்டங்கிக்குள் நுழைந்தால் காணலாம்.

கிட்டங்கி என்பது கிடங்கு என்ற தமிழ்ச் சொல்லின் உறவு. மலாயில் 'குடாங்', ஆங்கிலேயர் வாயில் 'கோடவுன்'. சரக்கு அடைக்கும் இடத்துக்கு வந்த பெயர், பணம் புழங்கும் இடத்துக்கும் ஆயிற்று. பினாங்கில் லெபோ பினாங், சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, கோலாலம்பூரில் லெபோ அம்பாங் ஆகியவை கிட்டங்கிகளின் தெருக்கள். வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கடைவீடுகளைப் போலவே இருக்கும். முன்புறம் ஐந்தடி நடைபாதை, உள்ளே நீண்டு ஒடுங்கிய கூடம், நடுவே வெயிலும் மழையும் இறங்கும் முற்றம், பின்கட்டில் சமையல்.

அந்தக் கூடத்தில் ஒரே முதலாளி இருப்பதில்லை. இரு புறமும் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் சுவரும் கதவும் கிடையாது. ஒரு மரப்பெட்டி, சாய்வான சிறு மேசை, ஒரு பாய், அவ்வளவுதான் கடை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, மூனா, கானா, ரூனா என்று அதைச் சொல்வார்கள். பகலில் பாயில் அமர்ந்து கணக்கு எழுதினார்கள்; இரவில் அதே பாயில் படுத்தார்கள். குடும்பம் காரைக்குடிப் பக்கத்து ஊரில் இருக்கும். முதலாளியின் ஏஜெண்டு மூன்றாண்டுக்கு ஒரு கணக்கு என்று வந்து, முடித்து, ஊர் திரும்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஊரில் நம் மாணவன் வயதுள்ள பிள்ளை கப்பலேறி வந்து, பெட்டியைத் துடைத்து, வட்டிக்கணக்கை மனப்பாடம் செய்து, மெல்ல மெல்ல ஏஜெண்டாக வளர்ந்தான். யார்க் மண்டபத்து வணிகர்களும் இவ்வாறே சிறுவர்களைத் தொழில் பழக வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஊரிலும் பள்ளிக்கூடம் இதுதான்.

கணக்கெழுத நாள்வழியும் பேரேடும் இருந்தன. முடிவில் ஐந்தொகை போடுவார்கள். இன்று கணக்காய்வாளர் தயாரிக்கும் இருப்புநிலை அறிக்கையின் வேலையை அந்த ஐந்தொகை செய்தது. பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டியாளர்தான். ஆனாலும் ஒருவர் பெட்டியில் பணம் குறைந்தால் அடுத்த பெட்டியில் கைமாற்று வாங்கிக்கொள்ளலாம். கடன் கேட்டு வருபவரின் நாணயத்தைப் பற்றிக் கூடம் முழுவதற்கும் செய்தி தெரியும். சுவர் இல்லாததன் பயன் அது. நாம் இதைத் தெரிந்துகொள்ளும் வரை, செட்டியார்கள் சிக்கனத்துக்காகத்தான் ஒரே கூடத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைத்திருந்தோம்.

கிட்டங்கிக்குத் துணையாக ஒரு கோயில் எங்கும் உண்டு. பினாங்கில் 1857, சிங்கப்பூர் தேங் சாலையில் 1859, கோலாலம்பூர் செந்தூலில் 1902. மூன்றிலும் தண்டாயுதபாணியே தெய்வம். மாதந்தோறும் செட்டியார்கள் கோயிலில் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அந்த விகிதமே அளவு. பங்காளிச் சண்டையும் ஏஜெண்டின் கணக்குத் தகராறும் அங்கேயே தீர்ந்துவிடும். பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகாது. தொழிலின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு கடையும் மகமை செலுத்தும். கோயில் பூசை, அன்னதானம், அறச்செலவு எல்லாம் அந்த மகமையிலிருந்து நடந்தன. பிரான்மலையில் சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பட்டணப்பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மிளகுக்கும் சுக்கும் பதிலாக வட்டிப்பணம். மற்றபடி ஏற்பாடு ஒன்றே.

மேலே வணிகம், கீழே ஏழைக்கு இடம், பக்கத்தில் வழிபாடு என்று யார்க்கில் ஒரே கூரையின்கீழ் இருந்ததை நம்மவர் கிட்டங்கி என்றும் கோயில் என்றும் இரண்டாக வைத்துக்கொண்டார்கள்.

இதுவரை நாம் சொன்னதில் பெருமையின் பக்கம் கூடிவிட்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டன்மார் அந்தக் கிட்டங்கிப் படி ஏறியவர்கள் அல்லர். கடன் வாங்க நிலத்தின் கிராண்டு வேண்டும். இல்லையேல் கடை வேண்டும். தோட்டத்துத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. ஒரே கப்பலில், ஒரே நாகப்பட்டினத் துறையிலிருந்து வந்திருந்தாலும் இவர் லயத்துக்குப் போனார், அவர் லெபோ அம்பாங்குக்குப் போனார். இருவரையும் 'இந்தியர்' என்று ஒரே கட்டத்தில் எழுதியது மக்கள்தொகைக் கணக்கு மட்டும்தான். பின்னால் கடன் திரும்பாமல் ரப்பர்த் தோட்டங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தபோது, சில தோட்டங்களில் இந்த இருவரும் முதலாளியும் தொழிலாளியுமாக மறுபடி சந்தித்தார்கள்.

அவ்வாறு நிலம் கைமாறியது 1930களின் பொருளாதார மந்தத்தில். ரப்பர் விலை வீழ்ந்தது. வாங்கியவர்களால் வட்டி கட்ட முடியவில்லை. பர்மாவில் இதே காலத்தில் கீழ்ப்பகுதி நெல்வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் வசமாகி, அது பெரும் பகையாக மூண்டது. மலாயாவில் அரசு முன்கூட்டியே விழித்துக்கொண்டது. 1913இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை 1933இல் இறுக்கி, அந்த நிலங்களை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடகு வைக்க முடியாதபடி செய்தது. மண்ணை இழக்கும் குடியானவன் பக்கம் நின்று பார்த்தால் அந்தச் சட்டம் தேவையானதே என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறகு போர். 1942 சனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். வாழைமரம் அச்சிட்ட அவர்களுடைய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. பழைய கடனையெல்லாம் அந்த நோட்டிலேயே பலர் கட்டித் தீர்த்தார்கள்; பெட்டி நிறையக் காகிதம் சேர்ந்தது. 1951இல் வட்டித்தொழில் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், எழுத்துமூலம் ஒப்பந்தம் வேண்டும், வட்டிக்கு வரம்பு வேண்டும் என்று ஆயிற்று. விடுதலைக்குப் பின் குடியுரிமைக் கேள்வி எழுந்தபோது, மூன்றாண்டுக்கொரு முறை ஊர் திரும்பும் பழைய முறை நிலைக்கவில்லை. சிலர் குடும்பத்தோடு இங்கேயே தங்கினார்கள். பலர் கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறினார்கள்.

பெட்டிக்கடை முறையிலிருந்து வங்கிக்கு மாறும் வழியைச் செட்டியார்களே முன்பு தொடங்கியிருந்தார்கள். 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். அதன் மலேசியக் கிளைகள் வேறு இரண்டு இந்திய வங்கிகளின் கிளைகளோடு சேர்ந்து 1973இல் யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. அதுவும் 1990களின் தொடக்கத்தில் வேறொரு மலேசிய வங்கியோடு இணைந்து தன் பெயரை இழந்தது. பாயிலிருந்து முகப்பு மேசைக்கு ஏறிய கதை அத்துடன் முடிந்தது.

கட்டடங்கள் என்ன ஆயின? சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் இடிபட்டன. அங்கே உயர்ந்த அலுவலகங்கள் நிற்கின்றன. பினாங்கில் நிலைமை மேல். லெபோ பினாங்கில் கோயில் வீடு இருக்கிறது. 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளிரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் அங்கிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைச் சாலைக் கோயிலுக்குப் போகிறது. கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கின் கட்டடங்கள் சில நிற்கின்றன. பெட்டியும் பாயும்தான் இல்லை. கீழே உணவுக்கடை, துணிக்கடை, நாணயமாற்று. மாடியில் வாடகை அறை. மேல் முகப்பில் மயிலும் தாமரையும் பதித்த ஓடுகளை அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. மஸ்ஜிட் ஜாமிக் நிலையத்திலிருந்து இறங்கி நடப்பவர்களுக்குத் தோசைக்கல் மணக்கிறது. அதுவும் ஒரு பயன்தான் என்று வைத்துக்கொள்வோம். பணம் மாற்றும் கடை இருப்பதைப் பார்த்து எங்கள் மாணவன் ஒருவன், "பழைய வேலை கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு சார்" என்றான். அவன் சொன்னதை நாங்கள் குறித்துக்கொண்டோம்.

இடிந்த பிறகு அழுவதைவிட இருக்கும்போது போய்ப் பார்ப்பது மேல் என்று நமக்குப் படுவதற்குக் காரணம் உண்டு. 2013இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், சண்டி 11 என்று எண்ணிட்டிருந்த தொன்மையான கோயில் அடித்தளத்தை, நிலத்தைச் சீர்செய்தபோது இயந்திரம் தரைமட்டமாக்கிவிட்டது. ஐந்நூற்றுவரின் கப்பல்கள் போய்வந்த அதே கடாரக் கரை. அது தனியார் நிலத்தில் இருந்தது. காப்பு அறிவிப்புச் செய்யப்படவில்லை. செய்தி வெளியான பிறகே பலருக்கு அப்படியொன்று இருந்தது தெரிந்தது. மாறாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தின் இடத்தில் 2014இல் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது மக்கள் முன்னதாகவே எழுந்து கேட்டார்கள். கட்டடம் நிற்கிறது.

மாணவியின் கேள்விக்கு இன்னொரு விடையும் கிடைத்தது. அது கிட்டங்கியைப் பற்றியதன்று. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் போய்த் தொழிலாளர்களிடமே பணம் கேட்டார். மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். கடாரத்து மண்ணில் தமிழன் கூட்டாகப் பொருள் சேர்த்து நிலம் வாங்கியது என்றால் அது ஐந்நூற்றுவர் செய்ததன்று. நாள்கூலி வாங்கியவர்கள் செய்தது. ஆயம், மகமை, பங்குப்பணம் என்று பெயர் மாறினாலும், சேர்ந்து போட்டால்தான் ஆகும் என்ற கணக்கு ஒன்றுதான்.

அந்தச் சங்கத்தின் கட்டடம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகே ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தன். அங்கேயுள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் நூல் வெளியீடுகளும் இலக்கியக் கூட்டங்களும் நடப்பது நேயர்களுக்குத் தெரியும். பங்குப்பணம் கட்டியவர்களின் கட்டடத்தில் இன்று கவிதை வாசிக்கிறார்கள். யார்க் மண்டபத்தில் திருமண விருந்து நடப்பதைப் போலத்தான் இதுவும். அந்த மாணவியின் பாட்டியார் பங்குப்பணம் கட்டிய பழைய அட்டை அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். மறுநாள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள்.

அந்த வாரம் வகுப்பில் ஒரு விளையாட்டு நடத்தினோம். மேசை நாற்காலிகளை ஓரத்தில் தள்ளிவிட்டு, பள்ளியின் பழைய மேடைத்துணியைத் தரையில் விரித்தோம். ஆறு பேர் ஐந்நூற்றுவர், இருவர் கணக்கர், மற்றவர்கள் மரக்கலத்தில் வந்தவர்கள். கஸ்தூரிக்குப் பதில் புளியங்கொட்டை. கட்டினால்தான் பாவாடை ஏறலாம் என்று விதி. கேள்வி கேட்ட பெண்ணை மரக்கலத்து நாயகராக நிற்க வைத்தோம். அவள் துணியின் விளிம்பில் நின்று, கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "கட்டுறேன். ஆனா இந்தப் பணத்தை வச்சு என்ன செய்வீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள். ஐந்நூற்றுவராக உட்கார்ந்திருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மணி அடிக்கும்வரை அவர்கள் ஆலோசனை முடியவில்லை.